இப்போது வேண்டாம்

மனதில் ஓடுவதையெல்லாம் அப்படியே வாய்விட்டுச் சொல்ல வேண்டுமாம். அதற்காகத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள். மனதில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்கிற ஆளாக இருந்திருந்தால் இந்நேரம் நான் இங்கே இருக்க மாட்டேன், ஏதாவதொரு டாக்டர் அறைக்கு வெளியே மனைவி வசந்தாமணியோடு உட்கார்ந்திருப்பேன். "சார், மறுபடியும் பேசறதை நிறுத்திட்டீங்க" என்கிறாள் பக்கத்து நாற்காலியில் இருக்கும் கம்பெனிப் பெண் ஆதிரை. "யோசிக்கிறேன்மா." "யோசிக்கிறதைத்தான் சார் சொல்லணும். திட்டணும்னாலும் திட்டுங்க. போன வாரம் ஒருத்தர் எங்க மேனேஜரைப் பேர் சொல்லித் திட்டிட்டுப் போனார், அன்னைக்குத்தான் எங்களுக்கு உருப்படியா ஏதோ கிடைச்சுது." சிரிக்கிறாள், நானும் சிரிக்கிறேன். எதிர்ச்சுவரில் கறுப்புக் கண்ணாடி. அதன் பின்னால் நாலைந்து பேர் உட்கார்ந்து என்னையும் என் திரையையும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதை வந்தவுடனே சொல்லிவிட்டாள், ஒளிவுமறைவு இல்லை, சம்மதம் என்று கையெழுத்துகூட வாங்கிக்கொண்டாள். நான் கையெழுத்துப் போட்டபோது அவள் வேறு பக்கம் பார்த்திருக்கலாம். குழந்தைவேல் என்கிற பெயர் முன்பெல்லாம் கோட்டைத் தாண்டி ஓடும், இப்போது 'வேல்' வருவதற்குள் எழுத்து எறும்பு மாதிரி சுருங்கிவிடுகிறது. சரவணம்பட்டியில் இப்படி ஒரு கட்டடம் இருப்பதே எனக்கு இன்றுதான் தெரியும். வெளியே வெயில் கொளுத்துகிறது, உள்ளே ஏசி காதுக்குள் போகிறது. என் வலது கை மவுஸின் மேல் இருக்கிறது. அதை நான் பார்க்கவில்லை. பார்த்தால் ஆடும். பார்க்காவிட்டாலும் ஆடும், ஆனால் அது என் கை என்பதைக் கொஞ்ச நேரம் மறந்திருக்கலாம்.

அழைப்பு வந்தபோது பெருமையாகத்தான் இருந்தது, அதை மறைப்பானேன். பத்து வருஷத்துக்கும் மேலாக எங்கள் புக்மார்க் சேவையைப் பயன்படுத்துகிறவர் நீங்கள், உங்களைப் போன்றவர்கள் மிகக் குறைவு, நேரில் வந்து எங்கள் புதிய வடிவத்தைப் பயன்படுத்திப் பார்த்துச் சொல்ல முடியுமா என்று கேட்டிருந்தார்கள். சாய ஆலை ஆய்வகத்தில் இருபத்தெட்டு வருஷமாக நிறம் பார்க்கிறவனை யாரும் எதற்கும் இப்படிக் கூப்பிட்டதில்லை. இணையத்தில் படித்ததில் பிடித்ததையெல்லாம் சேர்த்து வைப்பது எனக்குப் பழக்கம், சிலர் கயிறு சேர்த்து வைப்பது போல. ஒவ்வொன்றுக்கும் ஒரு தலைப்புப் போட்டு அடுக்குவேன். தலைப்புகள் மற்றவர்களுக்குப் புரியாது. 'பொய் மாதிரி இருக்கிறது' என்று ஓர் அடுக்கு. 'சும்மா' என்று ஒன்று, அதில் எரிமலைகளைப் பற்றிய கட்டுரைகள். 'எதிராளி சொல்வதும் சரிதான்' என்று ஒன்று, அதில் என்னைக் கோபப்படுத்திய கட்டுரைகளாகப் போட்டிருக்கிறேன். 'வசந்தாவுக்குக் காட்ட' என்று ஒன்று, அதில் பெரும்பாலும் கழுத்து டிசைன், ஏனென்றால் அவள் வீட்டு மாடியில் நைட்டி தைத்துக் கடைகளுக்குப் போடுகிறாள், அவளுடைய டேப்லெட்டும் என் கணக்கோடுதான் சேர்ந்திருக்கிறது. அந்த ஓர் அடுக்கு மட்டும் அவளுக்கும் தெரியும். கடைசியாக 'பிறகு' என்று ஒன்று. ஆறு மாதமாக அந்த 'பிறகு' மட்டும்தான் வளர்ந்தது. நேற்று சாயந்திரம் உட்கார்ந்து அதை முழுசாக அழித்தேன். ஆள் வருகிறார்கள் என்றால் கூடத்தைப் பெருக்குவோம் இல்லையா, அப்படி. என் கணக்கில் நுழைந்துதான் இங்கே உட்கார வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள், நாலு பேர் பார்க்கும் திரையில் கை நடுக்கத்தைப் பற்றிய பக்கங்கள் எதற்கு என்று கூட்டித் தள்ளிவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன். சேர்த்து வைத்தது வேறு, தேடியது வேறு என்பது என் புத்தியில் ஏறவில்லை. இத்தனை வருஷம் அவை வேறு வேறு இடத்தில்தான் இருந்தன, தேடுவது ஒரு பக்கம், சேர்ப்பது ஒரு பக்கம். இரண்டையும் ஒன்றாக்கியதுதான் இவர்கள் காட்டப்போகிற புதிய வடிவமே என்பதை அழைப்பிலேயே எழுதியிருந்தார்கள், நான் பெருமையில் அந்த வரியைத் தாண்டிப் படித்திருக்கிறேன். கூடத்தைப் பெருக்கி வைத்தேன், இவர்கள் சமையல்கட்டு வழியாக வந்துவிட்டார்கள்.

"முதல் வேலை ரொம்ப ஈஸி சார். குடும்பத்தோட ரெண்டு நாள் குன்னூர் போறீங்கன்னு வச்சுக்குங்க. தங்கறதுக்கு ஒரு இடம் தேடி, பிடிச்சதைச் சேர்த்து வைக்கணும். அவ்வளவுதான்" என்று ஆதிரை சொன்னபோது ஈஸியாகத்தான் தெரிந்தது. 'கு' என்று அடித்தேன். அடுத்த எழுத்துக்கு விரல் போவதற்குள் பெட்டிக்குக் கீழே ஒரு வரி தானாக விழுந்தது. குணமாகுமா. அந்த ஒற்றைச் சொல்லை எப்போது அடித்தேன் என்று எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஆய்வகத்தில் மதியச் சாப்பாட்டு நேரம், எல்லோரும் கேன்டீனுக்குப் போயிருந்தார்கள், பீக்கருக்கு மேலே பிப்பெட்டைப் பிடித்தபடி ஒரு சொட்டு விழக் காத்திருந்தேன், மூன்று சொட்டு விழுந்தது. கையைத் துடைத்துவிட்டுப் போனை எடுத்து அந்தச் சொல்லை மட்டும் அடித்தேன். என்ன குணமாகுமா என்று எழுதவில்லை. நோயின் பெயரை ஒரு நாளும் எழுதியதில்லை. காபி குடித்தால் விரல் ஆடுமா, கையெழுத்து ஏன் சிறுத்துப்போகிறது, இப்படி அக்கம்பக்கமாகத்தான் கேட்டிருக்கிறேன், பெண் பார்க்கப் போனவர்கள் ஊர் மழையைப் பற்றி விசாரிப்பது போல. யந்திரம் கூட்டிக் கழித்துப் பெயரைத் தானே கண்டுபிடித்து வைத்துக்கொண்டது. அவசரமாக 'குன்னூர்' என்று முழுசாக அடித்து என்டரைத் தட்டினேன். வந்தது பாருங்கள் குன்னூர். படி ஏறத் தேவையில்லாத விடுதிகள். குளியலறையில் கைப்பிடி உள்ள அறைகள். மலைக் காற்றும் நரம்பு மண்டலமும். தேயிலைத் தோட்டம் எங்கே, ரயில் எங்கே, என் குன்னூரை எங்கே கொண்டுபோய் வைத்தார்கள்? வலது ஓரத்தில் 'உங்களுக்காக' என்று ஒரு பத்தி, அதில் முதலாவதாக ஒரு ஸ்பூன். கைப்பிடி தடித்த, கனமான ஸ்பூன். நடுங்கும் கைகளுக்கென்றே செய்தது என்று அதன் கீழே எழுதியிருந்தது. ஆதிரை தன் குறிப்பு அட்டையைப் பார்த்தாள். அவள் பார்வை திரும்பிய வேகத்திலேயே எல்லாவற்றையும் படித்துவிட்டாள் என்று தெரிந்தது.

ஸ்பூன். வேறு எதைக் காட்டியிருந்தாலும் பொறுத்திருப்பேன். அப்பா பந்தியில் உட்கார்ந்திருக்கிறார், பெரியப்பா மகள் கல்யாணம், அன்னூரில் ஒரு மண்டபம், நான் கல்லூரி முதல் வருஷம், அவருக்கு நேர் எதிர் வரிசையில் இருக்கிறேன். ரசம் ஊற்றிவிட்டுப் போகிறார்கள். அப்பா பிசைகிறார், எடுக்கிறார், இலைக்கும் வாய்க்கும் நடுவில் கை ஆடுகிறது, சட்டையில் ரசம். மறுபடியும் எடுக்கிறார். பக்கத்தில் இருந்தவர் தன் இலையை ஓர் அங்குலம் தள்ளி வைத்துக்கொள்கிறார். யாரோ பின்னால் நின்று, "மத்தியானமே மப்பா?" என்கிறான், அப்பா வாழ்நாளில் தொட்டவர் இல்லை. அப்போது பந்தி விசாரித்துக்கொண்டிருந்த சித்தப்பா, நல்ல மனசோடுதான், உள்ளே போய் ஒரு ஸ்பூன் கொண்டுவந்து இலை ஓரத்தில் வைத்தார். அந்தப் பந்தியில் அறுபது பேர் கையால் சாப்பிட்டுக்கொண்டிருக்க ஓர் இலையில் மட்டும் ஸ்பூன். அப்பா அதைப் பார்த்தார். இலையை மூடவில்லை, எழுந்தார், கை கழுவினார், பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டார். அதற்குப் பிறகு எந்த விசேஷத்துக்கும் போகவில்லை. வீட்டிலும் எல்லோரும் சாப்பிட்டு முடித்த பிறகு சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிட்டார், பதினோரு வருஷம். டாக்டரிடம் ஏன் போகவில்லை என்று அம்மா போன பிறகு ஒரு தரம் கேட்டேன். "போனா பேர் வச்சிருவாங்கடா" என்றார். அப்போது எனக்குக் கோபம் வந்தது, என்ன மனிதர் இவர் என்று. இப்போது நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன்? அவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார், நான் திரையைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறேன், வித்தியாசம் இவ்வளவுதானா? இல்லை, அப்பாவின் சுவர் ஊமைச் சுவர், அவரைப் பற்றி யாரிடமும் எதுவும் சொல்லவில்லை, அவருக்கு எதையும் விற்கவும் பார்க்கவில்லை.

"சார், இந்த ரிசல்ட் எல்லாம் உங்களுக்குப் பொருத்தமா இருக்கா?" இது அவள் அட்டையில் இருக்கும் கேள்வி, பாவம், கேட்டே ஆக வேண்டும். "இல்லை" என்றேன். "எதனாலன்னு சொல்ல முடியுமா?" "குன்னூர் கேட்டேன், வரலை." வாய் அதோடு நின்றுவிட்டது, மனசு நிற்கவில்லை. எதனால் என்றா கேட்கிறாய், எங்கள் ஆய்வகத்துக்கு வா, ஒரு துணியைக் கையில் தருகிறேன். டியூப்லைட்டுக்குக் கீழே அது வாடிக்கையாளர் தந்த மாதிரித் துணியோடு அச்சாகப் பொருந்தும். அதையே எடுத்துக்கொண்டு வாசலுக்கு வா, வெயிலில் ஒன்று பச்சையாகவும் ஒன்று சாம்பலாகவும் நிற்கும். ஒரே வெளிச்சத்தில் பார்த்து நிறம் சொல்கிறவனை நாங்கள் வேலைக்கு வைத்துக்கொள்ள மாட்டோம். இந்த யந்திரம் என்னை எந்த வெளிச்சத்தில் பார்த்தது? யாரும் இல்லாத சாப்பாட்டு நேரத்தில், பயத்தில், ஒற்றை விரலால் நான் கேட்டதை வைத்துக்கொண்டு இதுதான் குழந்தைவேல் என்று முடிவு கட்டுகிறது. பத்து வருஷமாகச் சேர்த்து வைத்த எரிமலைக் கட்டுரைகளும் எதிராளிகளும் எங்கே போனார்கள்? ஆறு மாதப் பயம் பத்து வருஷ மனிதனைத் தின்றுவிடுமா? பயப்படுகிறவன் நான்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பயம் மட்டும்தான் நான் என்று சொல்ல, யந்திரமே, நீ யார்? ஒருவேளை நீ சொல்வதுதான் சரியோ. எனக்கே என்னைப் பற்றி இந்த ஆறு மாதமாக வேறு என்ன தெரியும்? நானும் அதே டியூப்லைட்டில்தானே என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இல்லை. சரியாகவே இருந்தாலும் சரி, அதைச் சொல்லும் உரிமை உனக்கு இல்லை. பெயர் வைப்பதாக இருந்தால் என் கண்ணைப் பார்த்து ஓர் ஆள் வைக்கட்டும்.

"கடைசி வேலை சார், இதோட முடிஞ்சுது" என்று அவள் சொல்ல, திரை மாறியது. நடுவில் நீல நிறத்தில் ஒரு பெரிய பட்டன், 'இணை'. இதுவரை பார்த்தது இந்த அறைக்கு மட்டுமான சோதனை, இதை அழுத்தினால் என் கணக்கிலேயே நிரந்தரமாகிவிடும். அதன் மேலே மூன்று வரி. உங்கள் தேடல்களும் நீங்கள் சேர்த்தவையும் இனி ஒரே இடத்தில். உங்கள் அடுக்குகளை நாங்களே புதிதாக வகைப்படுத்தித் தருவோம். உங்கள் குடும்பத்தினரின் சாதனங்களிலும் இவை தோன்றும். மூன்றாவது வரியில் என் கண் நின்றுவிட்டது. குடும்பத்தினர் என்றால் வசந்தாமணி. டேப்லெட்டைத் தையல் மெஷின் பக்கத்தில் சாய்த்து வைத்துக் கழுத்து டிசைன் பார்த்துக்கொண்டிருப்பாள். படகுக் கழுத்துக்கும் பானைக் கழுத்துக்கும் நடுவில் 'உங்கள் குடும்பத்துக்காக' என்று ஒரு கனமான ஸ்பூன் வந்து நிற்கும். யாருக்கு இது என்று நினைப்பாள்? எத்தனை நேரம் ஆகும் அவளுக்குக் கணக்குப் போட? ஒரு பட்டன் துளைக்குக் காஜா எடுக்கும் நேரம்கூட ஆகாது. அந்த நீல பட்டனுக்குக் கீழே சின்னதாக, சாம்பல் நிறத்தில், சலவையில் வெளுத்த எழுத்து மாதிரி இரண்டு சொல். இப்போது வேண்டாம். அதென்ன இப்போது? வேண்டாம் என்று சொல்ல வழியே இல்லையா? இன்று மறுத்தால் நாளை கேட்கும், நாளை மறுத்தால் அசந்த நேரம் பார்த்துக் கேட்கும், கதவைத் தட்டுகிறவனிடம் 'அப்புறம் வா' என்று மட்டும்தான் சொல்லலாம், 'வராதே' என்று சொல்லக் கூடாது. நானும் அப்படித்தானே 'பிறகு' என்று ஒரு அடுக்கு வைத்திருந்தேன். டாக்டரா, இப்போது வேண்டாம். வசந்தாவிடம் சொல்வதா, இப்போது வேண்டாம். கை மவுஸில் சும்மா கிடந்தது, சும்மா கிடந்தால்தான் அது அதிகம் ஆடும், அம்புக்குறி நீலத்துக்கும் சாம்பலுக்கும் நடுவில் ஈ மாதிரி சுற்றிக்கொண்டிருந்தது. தவறிப்போய் விரல் அழுந்தினால் என்ன ஆகும் என்ற நினைப்பு வந்தவுடனே இன்னும் வேகமாக ஆடியது.

ஆதிரையின் மடியில் இருந்த போன் மினுங்கியது. கண்ணாடிக்குப் பின்னாலிருந்து செய்தி போல. படித்துவிட்டு, "சார், ரொம்ப நேரமா அந்த பட்டன் பக்கத்துலயே சுத்தறீங்க. குழப்பமா இருக்கா? பட்டன் சின்னதா இருக்கோ? உள்ள எல்லாரும் அதைத்தான் பேசிக்கிறாங்க. இன்னும் பெரிசாக்கணும்னு எழுதிக்கலாமா?" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. படித்த பிள்ளைகள் நாலைந்து பேர் இருட்டில் உட்கார்ந்து என் நரம்பைப் பார்த்துவிட்டு பட்டனைக் குறை சொல்கிறார்கள். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், நான் தப்பித்தேன், உலகம் முழுக்க 'இணை' என்கிற பட்டன் இன்னும் ஒரு சுற்று பெருத்துவிடும். நம்ம வீட்டுத் தோள்பட்டை வலி மாதிரிதான். டம்ளரை இடது கைக்கு மாற்றியபோது வசந்தா கேட்டாள், தோள்பட்டை பிடித்துக்கொண்டது என்றேன், அன்றிலிருந்து தினம் படுக்கும் முன் தைலம் தேய்த்துவிடுகிறாள், வலிக்காத தோளை. ஒரு பொய்க்கு ஊரே உழைக்கிறது. இல்லைம்மா, பட்டன் சரியாக இருக்கிறது, என் கைதான் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லியிருப்பேன். அந்தப் பெண்ணின் முகத்தில் அப்படி ஒரு அக்கறை. ஆனால் நாக்கு நுனியில் நிறுத்திவிட்டேன். முதலில் யந்திரத்திடம் சொன்னேன். இப்போது இவளிடம், பிறகு கண்ணாடிக்குப் பின்னால் இருப்பவர்களிடம், வசந்தாமணி எத்தனையாவது ஆள்? "அஞ்சு நிமிஷம் வெளிய போய்ட்டு வரலாமாம்மா?" என்று கேட்டேன். "தாராளமா சார், ரெக்கார்டிங்கை நிறுத்திடறேன்" என்றாள்.

நடைக்கோடியில் தண்ணீர் கேன். அதன் பக்கத்து ஜன்னலில் வெயில் கண்ணைக் கூசவைத்தது. போனை வலது கையில்தான் பிடித்தேன், காதில் அது படபடவென்று இடித்தது. மெஷின் சத்தத்துக்கு நடுவே வசந்தாமணி, "சொல்லுங்க, முடிஞ்சுதா?" என்றாள். "இன்னும் இல்லை. வசந்தா, என் கை நடுங்குது." "ஏசியை ஜாஸ்தி வச்சிருப்பாங்க. குறைக்கச் சொல்ல வேண்டியதுதானே, வாயில்லையா?" "ஏசி இல்லை. ஆறு மாசமா நடுங்குது. அப்பாவுக்கு நடுங்கின மாதிரி." மெஷின் நின்றது. வீட்டு மாடியின் மௌனம் எனக்குத் தெரியும், அதில் காக்கா சத்தமும் பக்கத்து வீட்டு மிக்ஸியும் இருக்கும், இரண்டும் கேட்டன. "அப்ப நான் தினம் தைலம் தேச்சது எதுக்கு?" நான் தண்ணீர் கேனைப் பார்த்தேன். "ஏனுங்க, கேக்கறேன்ல? எனக்கு முன்னாடி யாருகிட்டச் சொன்னீங்க?" ஒருத்தரிடமும் இல்லை என்று சொல்லலாம், அது பொய்கூட இல்லை. "கம்ப்யூட்டர்ல தேடிப் பார்த்தேன்" என்றேன். "ஆறு மாசமாவா?" "ஆமா." "கட்டினவ மாடியில உக்காந்திருக்கேன், பொட்டிகிட்டப் போய்ச் சொல்லியிருக்கீங்க." மூக்கை உறிஞ்சினாள். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். "அது என்ன சொல்லுச்சு?" என்றாள், அந்தக் குரல் ஒரு சக்களத்தியை விசாரிக்கிற குரல். "ஸ்பூன் வாங்கச் சொல்லுச்சு." "என்னது?" "ஸ்பூன். கனமான ஸ்பூன். நடுங்காம சாப்பிடறதுக்கு." "ஸ்பூன் எதுக்குங்க?" என்றாள், நிஜமாகவே புரியாமல். "நாம கையிலதானே சாப்பிடறோம்?" ஆமாம். கையில்தானே சாப்பிடுகிறோம். சிந்தினால் சிந்தட்டும், எதிரே அவள் உட்கார்ந்திருப்பாள். "நாளைக்கு டாக்டர்கிட்டப் போறோம். யாருகிட்டப் போறதுன்னு நான் விசாரிக்கிறேன். நீங்க அதுகிட்டப் போய்க் கேட்டு வைக்காதீங்க" என்று வைத்துவிட்டாள். வைப்பதற்கு முன் மெஷின் மறுபடியும் ஓடத் தொடங்கியது கேட்டது, வழக்கத்தைவிட வேகமாக.

உள்ளே வந்து உட்கார்ந்தேன். ஆதிரை ரெக்கார்டிங்கைப் போட்டுவிட்டு, "பட்டனைப் பெரிசாக்கறதுன்னு எழுதியாச்சு சார், அந்த வேலையை மட்டும் முடிச்சுடலாம்" என்றாள். "எழுதினதை அடிச்சுடும்மா. பட்டன்ல ஒண்ணும் இல்லை. என் கை நடுங்குது, அதான் அம்பு சுத்துது. நடுக்கம்னே எழுதிக்கோ." அவள் எழுதவில்லை, என்னைப் பார்த்தாள், இந்தத் தடவை அட்டையைப் பார்க்கவில்லை. பயம் போய்விட்டதா என்று உள்ளே தடவிப் பார்த்தேன். போகவில்லை, நாளைக்குப் பெயர் வைக்கப்போகிறார்கள். இருக்கட்டும், அது என் பயம். மவுஸைப் பிடித்தேன், வலது கையால், இந்த முறை பார்த்துக்கொண்டே பிடித்தேன். நீலம் பெரிதாக, வசதியாக, எங்கே அழுத்தினாலும் படும்படி விரிந்து கிடந்தது. கீழே அந்த வெளுத்த எழுத்து. நீலத்தைத் தாண்டி இறக்கினேன், அம்பு வழுக்கி ஓடியது. மறுபடி கொண்டுவந்தேன், மறுபடி ஓடியது. இடது கையால் பிடிக்கவா என்று ஒரு நினைப்பு வந்தது, வேண்டாம் என்று அதை உட்கார வைத்தேன். கண்ணாடிக்குப் பின்னால் எத்தனை விநாடி என்று குறித்துக்கொண்டிருப்பார்கள், குறிக்கட்டும். ஆடி ஆடி அம்பு அந்த இரண்டு சொல்லின் மேல் போய் ஒரு கணம் நின்றது. அழுத்தினேன். திரை ஒரு வார்த்தையும் பேசாமல் விலகியது. கறுப்புக் கண்ணாடியைப் பார்த்து, அவர்கள் கேட்டபடி மனதில் ஓடியதை வாய்விட்டுச் சொன்னேன்: "பெரிசாக்கறதா இருந்தா அந்த 'வேண்டாம்'ங்கறதைப் பெரிசாக்குங்க. முன்னாடி இருக்கற 'இப்போது'வை எடுத்துடுங்க."